பங்கு வைத்தவள் திரும்பி நிற்கணும்

பங்கு வைத்தவர் திரும்பி நின்றுகொள்ள வேண்டும், எடுக்கிறவர் எடுத்து முடிக்கிறவரை கண்ணை இந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். ஒரே ஒரு ஆம்லெட்டை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரிப்பதற்காகப் போட்ட சட்டம் அது, வீடு பிரிப்பதற்காகப் போட்டதில்லை. இருந்தாலும் சண்முகவடிவு இந்த ஐம்பத்தெட்டு வயதில், பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீட்டின் கிணற்றடியில், துவைக்கிற கல்லின் மேல், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே மதில். போன மழைக்குப் படர்ந்த பாசி அதில் காய்ந்து கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. பின்னால் தம்பி கோமதிநாயகமும் அவன் பெண்டாட்டி பிரேமாவும் அறை அறையாகக் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பக்கமா பின்பக்கமா, எது வேண்டுமென்று அவர்கள் சொன்னால் போதும்; நேரே பத்திரம் எழுதுகிறவரிடம் போய் இன்ன பாகம் இன்னார் பேருக்கு என்று எழுதச் சொல்லிவிடலாம். நாளைக்குப் பதிவு. தனியாக ஒரு வீடு வாங்க அக்காளுக்கும் வகையில்லை, தம்பிக்கும் வகையில்லை என்பதால் ஆளுக்குப் பாதி போட்டு வாங்குகிற வீடு. பெரியவள் பங்கு வைக்க, சின்னவன் எடுக்க, இதைவிட நியாயம் எந்தக் கோர்ட்டில் கிடைக்கும் என்று நாயகம்தான் சிரித்துக்கொண்டே சொன்னான். சிரிக்கட்டும், அவனுக்கென்ன. அவன் பின்பக்கத்தை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் வடிவின் கவலை. பின்பக்கம் அவளுக்கு வேண்டும். வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அதற்குச் சொல்லக்கூடிய பதில் அவளிடம் இல்லை.

பதில் வாசல் பக்கம் நின்று மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தது. "ரெண்டு, ஒம்போது, நாலு, நாலு, ஏழு" என்று ஆவுடையப்பனின் குரல் அறைகளையெல்லாம் கடந்து கிணற்றடிக்கு வந்தது. அவள் வீட்டுக்காரர். மின்வாரியத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி ரீடிங் எடுத்தே ஓய்வு பெற்ற மனுசன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மீட்டர் பெட்டியைத்தான் பார்ப்பார், அப்புறம்தான் மனிதர்களை. காலையில் இந்த வீட்டுக்குள் நுழைந்ததும் அங்கே போய் நின்றவர்தான். பூட்டிக் கிடந்த வீடு, மீட்டர் ஓடுவதற்கு அங்கே என்ன இருக்கிறது, அதே எண்தான், அதையே திரும்பத் திரும்பப் படிக்கிறார். படிக்கட்டும். படிக்கிறவரை ஆள் அங்கே நிற்கிறார் என்று அர்த்தம். நிறுத்தினால்தான் வினை. ரீடிங் எடுத்து முடித்த காலுக்கு அடுத்த வீட்டுக்கு நடக்கத்தான் தெரியும், ஆயுசு முழுக்க அதைத்தானே செய்திருக்கிறது. வாசல் கேட்டுக்குக் கொண்டி இருக்கிறது, நல்ல கனமான இரும்புத் தாழ், முதல் தடவை வீடு பார்க்க வந்தபோதே அவள் அதைத்தான் பார்த்தாள். இன்றைக்கு உள்ளே வரும்போது கடைசியாக வந்தது பிரேமா. அவள் கொண்டியைப் போட்டாளா? சத்தம் கேட்டதா? கேட்ட மாதிரியும் இருக்கிறது, கேட்காத மாதிரியும் இருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். போனால், பங்கு வைத்தவள் நடுவிலே எழுந்து வரலாமா என்று நாயகம் கேலி செய்வான், கேலி செய்துகொண்டே அவள் முகத்தைப் பார்ப்பான். அப்பா அந்தச் சட்டம் போட்டதே முகத்துக்காகத்தான். பங்கு வைத்தவளின் கண் எந்தப் பாதியின் மேல் நிற்கிறது என்று எடுக்கிறவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

கல் வெயிலில் சுட ஆரம்பித்திருந்தது. சேலையைக் கொஞ்சம் இழுத்து மடித்துப் போட்டுக்கொண்டாள். மடிப்பு. சின்ன வயதிலேயே அவளுக்கு மடிக்கத் தெரிந்திருந்தது. ஆம்லெட்டை நேர்பாதியாக வெட்டுவாள், அதில் குறை சொல்ல முடியாது. வெட்டியபின் ஒரு பாதியை உள்பக்கமாக மடித்து வைப்பாள், இன்னொன்றைத் தட்டில் விரித்துப் பரப்புவாள். மடித்ததுதான் உண்மையில் கொஞ்சம் கூட இருக்கும், தடிமனாக, வெங்காயமெல்லாம் அதில்தான் ஒதுங்கியிருக்கும். பார்வைக்குச் சின்னது. நாயகம் வந்து நின்று, இரண்டையும் பார்த்து, விரிந்து கிடப்பதை எடுத்துக்கொண்டு ஓடுவான். ஒரு நாள்கூட மாற்றி எடுத்ததில்லை. மக்குப் பயல் என்று நினைத்துக்கொண்டு தின்றிருக்கிறாள். இப்போது ஒரு வீட்டையே மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். தெருவைப் பார்த்த கூடம், ஜன்னல் வைத்த இரண்டு அறைகள், புதிதாகக் கட்டிய குளியலறை, மொட்டைமாடி பாத்தியதை, வண்டி நிறுத்த இடம் எல்லாம் முன்பக்கம். பழைய அடுக்களை, ஒரு நீள அறை, ஒழுகுகிற ஓட்டுச் சாய்ப்பு, தென்னை மரம் ஒன்று, இவ்வளவுதான் பின்பக்கம். தெருவுக்கு வர வேண்டுமானால் பக்கத்து முடுக்கு வழியாக, ஒருவர் பின்னால் ஒருவராக, சுவரை உரசிக்கொண்டு வர வேண்டும். முடுக்கு வாயில் ஒரு கம்பிக்கதவு. அதற்கு ஒரு பூட்டு. அந்தப் பூட்டுக்காகத்தான் இவ்வளவும்.

கிணறுதான் அவளைப் படாதபாடு படுத்தியது. கிணறு பின்பக்கத்தில் இருக்கிறது. அதைப் பின்பக்கத்தோடு சேர்த்தால் பிரேமாவுக்கு ஆசை வந்துவிடும், அவளுக்குச் செடி கொடி என்றால் உயிர். முன்பக்கத்துக்குக் கொடுத்தால் அவர்கள் தண்ணீருக்கு உள்ளே வந்து போக ஒரு கதவு வைக்க வேண்டும், கதவு என்றால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் திறந்து கிடக்கும். பொது என்று வைத்தாள். பொது என்று வைத்த பிறகு, பொது என்றாலும் கதவு வேண்டுமே என்று உறைத்தது. தூக்கம் போயிற்று. கிணற்றுக்கு மேலே கம்பிவலை அடிக்க வேண்டும் என்று வேறு தோன்றியது, அவர் எட்டிப் பார்த்தால். எட்டிப் பார்க்கிற பழக்கம் உண்டா அவருக்கு? இல்லை. இன்றைக்கு இல்லை. கடைசியில் முன்பக்கத்துக்குக் குழாய் இழுத்துக் கொடுத்துவிடலாம், கதவு வேண்டாம் என்று முடிவு கட்டினாள். அதைச் சொன்னபோது நாயகம், "நீ இன்ஜினியருக்குப் படிச்சிருக்கணும்க்கா" என்றான். இன்று வந்ததும் வராததுமாக ஓட்டிலே நீர் இறங்கிய கறையைக் காட்டி, "இங்ஙன ஒழுகும், நல்லாப் பாத்துக்கோங்க. வண்டியும் உள்ள வராது" என்று சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பவும் சொன்னாள். பிரேமா சிரித்தாள். "என்ன மதினி, எல்லாரும் நல்லதச் சொல்லி ஆசை காட்டுவாக, நீங்க ஓட்டையக் காட்டுதிய." விளையாட்டாகத்தான் சொன்னாள். வடிவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இவளுக்குத் தெரிந்துவிட்டதோ. தெரிந்தால் இன்றைக்கு இப்படிச் சிரிப்பாளா. இல்லை, தெரிந்துகொண்டே சிரிக்கிறாளா. பிரேமா நல்லவள்தான், ஆனால் நல்லவர்களும் வீட்டுக்குப் போய்ப் புருசனிடம் பேசுவார்கள். நாளைக்கு அவுக பாட்டுக்கு நடந்து போயிட்டா நாமல்லா தெருத்தெருவா அலையணும், நமக்கு எதுக்கு இந்தக் கூட்டு, நாம வேற வீடு பாப்போம்னு சொல்லுங்க. இதை பிரேமா சொன்னதில்லை. சொல்லக்கூடியவளும் இல்லை. வடிவுதான் பிரேமாவின் குரலில் பல நாளாகத் தன் காதுக்குள் சொல்லிச் சொல்லி, பிரேமா மேல் கோபமும் பட்டு, அவளுக்குப் பூ வாங்கிக் கொடுத்து அந்தக் கோபத்துக்குப் பரிகாரமும் செய்துகொண்டிருக்கிறாள்.

"நாலு, நாலு, ஏழு." சரி, நிற்கிறார். உள்ளே நாயகம் எதையோ தட்டிப் பார்க்கிறான். சுவரையா, நிலையையா? தொம் தொம் என்று பொள்ளலாகக் கேட்கிறது. முன்பக்கச் சுவர் பொள்ளலாக இருந்தால் பிடிக்காமல் போய்விடுமே. அவள் வீட்டுக்காரரும் ஒருநாள் இப்படித்தான் தட்டினார், எங்கேயோ ஒரு தெருவில் யாரோ வீட்டுக் கேட்டை. பால் வாங்கக் கடைக்குப் போனவர். கடை இரண்டு தெரு தள்ளி. பால் பொங்கி ஆற வேண்டிய நேரம் போய், சாப்பாட்டு நேரமும் போய், வடிவு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து கால் கடுத்துப் போனபோது போன் வந்தது. யாரோ ஒரு பெண்பிள்ளை, நல்ல குரல். "ஒரு பெரியவர் வந்து கேட்டத் தட்டி, கார்டு எடுத்துட்டு வாம்மா, ரீடிங் எழுதணும்ங்காரு. டீ குடுத்து உக்கார வெச்சிருக்கோம். சட்டைப் பையில இந்த நம்பர் இருந்துச்சு." ஆட்டோவில் திரும்பி வரும்போது பால் பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். புளித்த வாடை. கொஞ்ச தூரம் வந்தபின் தெளிந்துவிட்டது. தெளிவதுதான் கொடுமை. "வடிவு" என்றார். "யாருட்டயும் சொல்லாத. நாயகத்துட்ட சொல்லவே சொல்லாத." ஊரில் ஒரு முடுக்கு சந்து பாக்கியில்லாமல் தெரிந்து வைத்திருந்த மனுசன், எந்த வீட்டு நாய் கடிக்கும் எந்த வீட்டு நாய் குரைக்க மட்டும் செய்யும் என்று சொல்லக்கூடியவர், பத்தாம் வகுப்புக்கூடத் தேறாமல் சுற்றிக்கொண்டிருந்த மைத்துனனுக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்து, கையைப் பிடித்துக் கொண்டுபோய் வேலையில் சேர்த்தவர், கண்ணில் நீர் முட்டக் கேட்டார். சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தாள். டாக்டர், இந்த மறதி கூடத்தான் செய்யும், குறையாது என்று சொன்னதை அவரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு உலகத்தில் அவள் பார்த்ததெல்லாம் கதவுதான். கோயிலுக்குப் போனால் எத்தனை வாசல், கல்யாண வீட்டுக்குப் போனால் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது. இப்போது குடியிருக்கிற மாடி வீட்டில் படிக்கட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். வீட்டுக்காரம்மா, பகல்ல எதுக்குப் பூட்டு என்று கேட்டாள். திருட்டுப் பயம் என்றாள் வடிவு. வீட்டுக்காரம்மா ஒரு மாதிரி பார்த்தாள். அடுத்த வருசம் வேறு வீடு, அதற்கடுத்த வருசம் இன்னொரு வீடு என்று மாறிக்கொண்டிருந்தால் அவருக்கு எந்த வீடு மனதில் நிற்கும்? மிச்சமிருக்கிற நினைவில் ஒரே ஒரு வீட்டையாவது படிய வைத்துவிட வேண்டும். இது அடுக்களை, இது கிணறு, இது உங்க கட்டில், இந்த மரத்தைத் தாண்டி ஒன்றும் இல்லை என்று தினமும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தால் கால் பழகிவிடாதா. மண்டை மறந்தாலும் கால் மறக்காது என்பதற்கு அவரே சாட்சி. அதற்குத்தான் இந்த வீடு. அதற்குத்தான் பின்பக்கம். மனுசனைப் பூட்டி வைக்கப் பாதி வீடு வாங்குகிறாளே என்று அவளே அவளைக் கேட்டுக்கொண்டதும் உண்டு. கேட்டு அழுததும் உண்டு. அழுது முடித்துவிட்டு முடுக்குக் கதவுக்கு எந்தப் பூட்டு நல்ல பூட்டு என்று யோசித்ததும் உண்டு.

"டோர் லாக்குன்னு போட்டுரவா?" என்றது வாசல் குரல். வடிவின் முதுகு நிமிர்ந்தது. வீடு பூட்டியிருந்தால் அப்படித்தான் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். யாரிடம் கேட்கிறார்? பக்கத்தில் யாரும் இல்லை. பதில் சொல்லிவிடுவோமா, இங்கிருந்தே சத்தமாக, போடாதீங்க, இன்னும் பாருங்க என்று? சொன்னால் பிரேமா காதில் விழும். சொல்லாவிட்டால் அவர் எழுதிக்கொள்வார், கையில் பேனா இல்லாவிட்டாலும் எழுதிக்கொள்வார். ஒரு எறும்பு கல்லின் மேல் ஏறி அவள் விரலை முகர்ந்து பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது. கொண்டி போட்டாளா? பிரேமா கையில் பை இருந்தது. பையை இடது கைக்கு மாற்றினாள், அது ஞாபகம் இருக்கிறது, எதற்கு மாற்றினாள், கொண்டி போடத்தானே? அல்லது செருப்பைக் கழற்றவா? கழற்றச் சுவரைப் பிடித்தாள். சுவரைப் பிடித்தவள் கேட்டை எப்படிப் பிடித்திருப்பாள். வடிவு கண்ணை மூடிக்கொண்டு அந்த நொடியைத் திரும்ப ஓட்டினாள், திரும்ப ஓட்டினாள், ஒவ்வொரு தடவையும் கேட் வேறு வேறு மாதிரி நின்றது. நாயகமாவது சீக்கிரம் முடிக்கக் கூடாதா, ஒரு வீட்டை இவ்வளவு நேரமா பார்ப்பான், அந்தக் காலத்தில் கண் மூடித் திறக்குமுன் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினவன். முன்பக்கத்தை எடு. நல்லது எல்லாம் அங்கேதான் இருக்கிறது, எடுத்துத் தொலையேன். வாசலில் எண் கேட்கவில்லை. தெருவில் ஏதோ ஒரு வண்டி போனது, அதன் சத்தம் அடங்கியும் எண் கேட்கவில்லை. எழுந்துவிட வேண்டியதுதான் என்று கையை ஊன்றியபோது பின்னால் காலடி வந்து நின்றது.

"அக்கா, திரும்பிக்கோ" என்றான் நாயகம்.

திரும்பினாள். நாயகம் நின்றான், உள்ளங்கையெல்லாம் சுண்ணாம்பு. பக்கத்தில் பிரேமா. இரண்டு பேர் முகத்திலும் ஏதோ நல்ல காரியம் செய்யப் போகிறவர்களின் சந்தோசம்.

"பின்பக்கம் எங்களுக்கு" என்றான்.

வடிவு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லிக்கொண்டு போனான். "நீ மடிச்சு வெச்சது எதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. ஆசையா மடிச்சிருக்காளே, தின்னுட்டுப் போகட்டும்னுதான் விரிஞ்சு கெடக்கத எடுப்பேன். இன்னைக்கும் நீ எங்கயாவது மடிச்சிருப்பேன்னுதான் ஒரு செங்கல் விடாமத் தட்டிப் பாத்தேன். நீ மடிக்கவே இல்ல. நல்லது அம்புட்டையும் முன்னால வெச்சு எனக்குத் தள்ளிட்டு, ஒழுகுதத நீ வெச்சிக்கிடலாம்னு பாக்கே. அது நடக்காது. அத்தான் வாசல்ல சேரப் போட்டுக் காத்தாட இருக்கட்டும். தெருவாப் பாத்து நடந்த மனுசன் முடுக்குக்குள்ள கெடக்க வேண்டாம்." பிரேமா, "நாந்தான் மதினி மொதல்ல சொன்னேன். அண்ணாச்சிக்கு அதுதான் தோது" என்றாள்.

சேர். வாசலில் சேர். நடக்கக் காத்திருக்கிற காலுக்கு முன்னால் திறந்த தெரு. வடிவுக்குச் சிரிப்பு வரும் போலிருந்தது, அழுகையும் வரும் போலிருந்தது, அதற்குள் அந்த மௌனம் மறுபடி காதில் வந்து உட்கார்ந்தது. எண் இல்லை. இவன் பேசின நேரமெல்லாம் எண் இல்லை.

"பிரேமா, கொண்டி போட்டியா?"

"என்ன மதினி?"

"உள்ள வரும்போது வாசக் கேட்டுக்குக் கொண்டி போட்டியான்னு கேக்கேன்."

"இல்லியே. இந்தா இப்பம் வெளிய போகப் போறோம்லா."

வடிவு எழுந்தாள். உட்கார்ந்தே இருந்த கால் மரத்துப் போயிருந்தது, ஓட எடுத்த அடி தப்பிக் கிணற்றுச் சுவரில் மோதினாள். நாயகம் பாய்ந்து முழங்கையைப் பிடித்தான். "என்னக்கா, என்ன செய்யுது?" அவன் பிடித்த கையை உதறப் பார்த்தாள், முடியவில்லை. சுண்ணாம்பு அவள் ஜாக்கெட் கையில் அப்பிக்கொண்டது. கையில் அடித்துக் கொடுத்த சத்தியம் அங்கேயே உடைந்தது.

"பின்பக்கம் எனக்கு வேணும் தம்பி. அத்தான் வெளிய போனா வீட்டுக்குத் திரும்பி வரத் தெரியல."

நாயகத்தின் பிடி தளரவில்லை. அவன் முகத்தில் அந்தச் சந்தோசம் அப்படியே இருந்தது, எடுத்து வைக்க இடம் தெரியாமல் அப்படியே இருந்தது. பிரேமா வாசல் பக்கம் திரும்பினாள், திரும்பியவள் நின்றுவிட்டாள். அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு ஆவுடையப்பன் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், அதனால்தான் காலடி கேட்கவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. தெளிந்த முகம். அவள் மிகவும் பயந்த அந்தத் தெளிந்த முகம்.

"சொல்லிட்டியா, வடிவு" என்றார்.

"சொல்லிட்டேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார், வைத்துவிட்டு அதை நேராக்கினார். நாயகம் அக்காளின் கையை விட்டான். யார் முகத்தையும் பார்க்காமல் அத்தானின் தோளைத் தொட்டு ஒதுங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனான், அறைகளை ஒவ்வொன்றாகக் கடந்து வாசலுக்குப் போகிற அவன் காலடி கேட்டது. மறுபடி எடுக்கப் போகிறான் என்று வடிவுக்குத் தெரிந்தது. அவள் மதில் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வாசலில் கொண்டி விழுகிற சத்தம் வந்தது.

"முன்பக்கம் எனக்குக்கா" என்று அங்கிருந்தே சொன்னான்.